சைரனுக்கு ஒரு துண்டு

மூட்டை என்கிற நாய்க்கு இப்போது முகவாய் நரைத்துவிட்டது. கண்ணைச் சுற்றி மாவு பூசியதுபோல் வெள்ளை. படியேறும்போது பின்னங்கால் கொஞ்சம் யோசிக்கிறது. "வயசாயிடுச்சு போல" என்று யாராவது சொன்னால் அதை வளர்க்கும் பெரியவர் ஏணி ஒத்துக்கொள்வதில்லை. "வயசு எனக்குத்தாங்க. அவன் மரியாதைக்காக என்கூடச் சேர்ந்து மெதுவா வர்றான்" என்பார். சாயங்காலங்களில் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். மூட்டை அவர் பாதத்தின்மேல் உட்காரும். அப்போதெல்லாம் அது வீட்டுக்கு வந்த நாட்கள் அவருக்கு நினைவுக்கு வரும். கூடவே தீயணைப்பு நிலையத்து நாட்களும் வந்துவிடும். இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும். ஒன்றை வாசலில் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் உள்ளே கூப்பிட முடியாது.

ஏணி என்பது நிலையத்தில் விழுந்த பெயர். உயரம் அதற்கு ஒரு காரணம். யார் எதைக் கேட்டாலும் குனிந்து தோள் கொடுத்துவிடுவார் என்பது இன்னொரு காரணம். கூரையில் விளக்கு மாற்ற வேண்டுமா, பரணில் சிக்கிய பந்தை எடுக்க வேண்டுமா, "ஏணியக் கூப்பிடு" என்பார்கள். அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதனுக்குக் குழாய் என்று பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஏணி ஒரு வார்த்தை பேசுவதற்குள் குழாய் ஒரு கதையை முடித்து அடுத்த கதைக்கு முன்னுரை சொல்லிக்கொண்டிருப்பார். வண்டியின் பின்னிருக்கையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம்.

அந்தக் காலத்தில் சைரன் என்றால் ஏணிக்குப் பயம் கிடையாது. சைரன் என்றால் கைக்கு வேலை. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்கள் சுவரோரமாக வரிசையில் நிற்கும். கால்சட்டையின் வாயை மடித்துப் பூட்ஸின் மேலேயே இறக்கி வைத்திருப்பார்கள். காலை உள்ளே விட்டு இழுத்தால் பூட்ஸும் கால்சட்டையும் ஒன்றாக ஏறிவிடும். ஒரு கை தோள்பட்டியை மாட்டும், மற்றது மேலுடுப்பைத் தேடும், அதற்குள் தலைக்கவசம் தலைக்கு வந்திருக்கும். மனம் என்ன ஏது என்று கேட்பதற்குள் கை எல்லாவற்றையும் முடித்து வண்டிக் கம்பியைப் பிடித்திருக்கும். மேசையில் பாதி குடித்த தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டும்.

"நம்ம வயித்துக்கும் இந்தச் சைரனுக்கும் ஏதோ பங்காளித் தகராறு இருக்குடா" என்பார் குழாய். "இது சாப்பிட உக்காந்தா அது எழுந்து கத்துது."

போகும் வழியில் ஏணி மனதுக்குள் ஒரே ஒரு வரி வேண்டிக்கொள்வார். 'ஆண்டவனே, எத்தனை பேரோட போறோமோ அத்தனை பேரோட திரும்பி வரணும்.' பல வருஷம் அந்த வேண்டுதல் அப்படியே பலித்தது. ஒரே ஒரு நாள் பலிக்கவில்லை.

அது ஒரு கிடங்குத் தீ. அவர் கீழே நின்று, சுவரில் சாத்திய ஏணியின் காலை மிதித்துப் பிடித்திருந்தார். குழாய் மேலே போனார். கூரை உள்வாங்கியது. அவ்வளவுதான். அந்தக் கதையை அவர் யாரிடமும் இதற்கு மேல் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம். ஆண்டவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவர் அப்போது கேட்டார். பதில் வரவில்லை. ஆனாலும் வேண்டிக்கொள்வதை நிறுத்தவில்லை. பதில் வராத வீட்டுக்கும் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் சிலர் உண்டு.

அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை அவர் வேலைக்குப் போனார். சைரன் அடித்தால் கைக்கு வேலை இருந்தது, கை ஓடியது, அதன் பின்னாலேயே அவரும் ஓடினார். ஓய்வு பெற்ற பிறகுதான் வினை ஆரம்பித்தது. ஒரு நாள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. நடுவீதியில் பையோடு நின்றவர் நின்றவர்தான். பின்னால் பேருந்துக்காரன் ஒலிப்பானை அழுத்தித் தன் பாட்டனார் காலத்து வசவையெல்லாம் எடுத்து வீசினான். அவருக்குக் கேட்டது. நகரத்தான் முடியவில்லை. ஒரு பெண்மணி கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்துப் போனாள். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் காலை வேண்டுதலில் பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு ஓர் இடம் உண்டு.

அன்றிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதை விட்டார். பிறகு பக்கத்துத் தெருவை விட்டார். கடைசியில் வாசற்படியோடு நின்றுவிட்டார். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அவருடைய மனைவி அதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு பெரிய பேரை நாங்க வீட்டுல எங்க வெக்கறது டாக்டர்? அவருக்கு உள்ள காயம் ஆறலைன்னு சொல்லிக்கறோம்" என்றாள். அந்த டாக்டர்தான் துணை நாய்களைப் பழக்கும் நிலையத்தைப் பற்றிச் சொன்னார். போர்முனையிலிருந்து வந்தவர்கள், தீயணைப்பில் வேலை செய்தவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள், இப்படிப்பட்டவர்களுக்காகவே லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து பழக்குகிறார்களாம்.

அந்த நாய் நிலையம் ஊருக்கு வெளியே ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம். முதல் நாள் மனைவிதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நாய்களைப் பழக்குகிற பெண்ணை அங்கே எல்லோரும் டீச்சர் என்றார்கள். சட்டை முழுக்க நாய்முடி ஒட்டியிருந்த, சிரித்த முகக்காரி.

"உங்களை எப்படிக் கூப்பிடறது சார்?"

"ஏணின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

டீச்சர் அவரைக் காலிலிருந்து தலைவரைக்கும் ஒருமுறை பார்த்தாள். "சரியாத்தான் வெச்சிருக்காங்க. அப்போ ஏணி அண்ணா. நாற்காலியில உக்காருங்க. நாய்களை உள்ள விடறேன். நீங்க எதையும் கூப்பிட வேண்டாம். யாரு உங்களைத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பாப்போம்."

நாலைந்து நாய்கள் வந்தன. ஒன்று ஜன்னலுக்குப் போனது. ஒன்று மனைவியின் கைப்பையை மோந்தது. வெளிர்மஞ்சளில் ஒரு தடியன் மட்டும் எங்கும் பார்க்காமல் நேரே வந்து, திரும்பி, ஏணியின் இரண்டு பாதங்களின்மேலும் தொப்பென்று உட்கார்ந்தான். மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது. அவன் பெயரும் அதுதான் என்று டீச்சர் சொன்னபோது ஏணி சிரித்துவிட்டார். அவர் சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவி திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாடம் தொடங்கியது. நீலச் சட்டை போட்டிருந்தால் மூட்டைக்கு வேலை நேரம். யாரும் தடவக்கூடாது, கொஞ்சக்கூடாது. சட்டையைக் கழற்றினால் சாதாரண நாய். புல்லில் புரளலாம், செருப்பைத் திருடலாம். 'மடி' என்றால் முன்னங்கால்களை மடியில் வைத்துத் தன் பாரத்தையெல்லாம் இறக்குவான். அந்தப் பாரத்தில் படபடப்பு அடங்கும். 'வாசல்' என்றால் கூட்டத்துக்குள்ளிருந்து வெளியே போகும் வழியைத் தேடி இழுத்துப் போவான். கை நடுங்கினால், மூச்சு வேகமானால், சொல்லாமலே வந்து மூக்கால் இடிப்பான். நன்றாகச் செய்தால் இடுப்புப் பையிலிருந்து உலர்ந்த கோழித் துண்டு ஒன்று கொடுக்க வேண்டும்.

"சைரன் கேட்டா உங்களுக்கு என்ன ஆகும் அண்ணா?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது டீச்சர். அதான் தொல்லையே. கை நடுங்காது, மூச்சு வாங்காது. அப்படியே நின்னுடுவேன்."

டீச்சர் உதட்டைக் கடித்தாள். "நடுங்கினா இவனுக்குப் புரியும். நீங்க கல்லா நின்னா, கல்லுக்கும் உங்களுக்கும் இவனுக்கு வித்தியாசம் தெரியாது. பாப்போம். இவன் புத்திசாலி. சாப்பாட்டு விஷயத்துல மேதாவி."

முதல் வாரத்தின் நடுவில் மூட்டையோடு ஊருக்குள் நடக்கப் போனார்கள். டீச்சர் பின்னால் தள்ளி வந்தாள். ஏணிக்குக் கடைத்தெருவைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் பழைய தீயணைப்பு நிலையத்துக்காரர்களோடு பூட்ஸ் வாங்க வந்த கடை அங்கேயே இருந்தது. குழாய் அந்தக் கடைக்காரரிடம் விலை பேசிப் பேசி, கடைசியில் கடைக்காரரே, "காசு வேண்டாம், எழுந்து போனா போதும்" என்று கும்பிட்டது ஞாபகம் வந்தது. அதை நினைத்துக்கொண்டு நின்றபோது தெருமுனையில் ஆம்புலன்ஸ் கத்தியது.

கால் நின்றது. கை நின்றது. சத்தம் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்போது இடுப்பில் ஏதோ குத்தியது. மூட்டையின் மூக்கு. கோழித் துண்டுப் பையை அவன் இடித்துக்கொண்டிருந்தான். மெல்ல முனகினான். ஒரு முன்னங்காலை அவர் செருப்பின்மேல் வைத்து அழுத்தினான். அண்ணாந்து பார்த்தான். கொடு என்றது அந்தப் பார்வை. கேட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல் ஒரு கை எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்? ஏணியின் கை பைக்குள் போயிற்று. துண்டை எடுத்தது. கொடுத்தது. கை அசைந்ததும் கழுத்து அசைந்தது. கழுத்துக்குப் பின்னால் கால். அவர் தானாக நடைபாதையின் ஓரத்துக்கு வந்து நின்றபோது ஆம்புலன்ஸ் தாண்டிப் போய்விட்டது.

ஏணி சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன டீச்சர், நல்லாத்தானே செஞ்சான்?"

"இல்லை அண்ணா. செய்யக்கூடாததைச் செஞ்சுட்டான். தப்பு அவன் மேல இல்லை."

தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து அவள் விவரம் சொன்னாள். குட்டிகளுக்குப் பெரிய சத்தங்களின் பயம் தெளிய வேண்டும். அதற்காக ஒலிபெருக்கியில் சைரனைச் சின்னதாகப் போட்டு, கூடவே ஒரு துண்டு தீனி கொடுப்பார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கடைசியில் சைரன் கேட்டால் நாய் அதைச் சட்டைசெய்யாமல் படுத்திருக்க வேண்டும். மூட்டை குட்டியாக இருந்தபோது சைரன் கேட்டாலே அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு ராத்திரிவரை வரமாட்டானாம்.

"பாவமா இருக்கும் அண்ணா. தீனியைக் குறைக்க மனசு வரலை. ஒவ்வொரு சைரனுக்கும் குடுத்துக்கிட்டே இருந்தேன். பயம் போச்சு. இப்போ இவனுக்குச் சைரன்னா சாப்பாட்டு மணி. நம்ம நிலையம் ஊருக்கு வெளியே இருக்கா, வண்டிச் சத்தமே கிடையாது. நிஜமான சைரன் வந்தா கேட்டு வாங்குவான்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

"கேட்டா என்னம்மா? குடுத்துட்டுப் போறேன்."

"பொது இடத்துல தீனி கேக்கற நாய் துணை நாய் ஆக முடியாது. கேக்க ஆரம்பிச்சா அடுத்த மேசைக்காரங்ககிட்டயும் கேக்கும். தேர்வுல பெயில் பண்ணிடுவாங்க. அடுத்த வாரம் தேர்வு எடுக்க வர்றவங்க யாரு தெரியுமா? கறார் அம்மா."

கறார் அம்மா ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் நாய்கள் மட்டுமல்ல, நாய் பழக்குகிறவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்களாம். மூட்டை தேறாவிட்டால் அவனை எங்காவது ஒரு வீட்டில் செல்லப் பிராணியாகக் கொடுத்துவிடுவார்கள். ஏணி மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்று, அடுத்த குட்டி பிறந்து வளர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் வாசற்படிதான் எல்லை.

மேசைக்கு அடியில் மூட்டை ஏணியின் பாதத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கனத்தை இழக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாளே பழக்கத்தை மாற்ற ஆரம்பித்தார்கள். டீச்சர் ஒலிபெருக்கியில் சைரனைப் போட்டாள். மூட்டை ஓடிவந்து பையை இடித்தான். யாரும் கொடுக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தான். ஏணியின் முகத்தைப் பார்த்தான். கடன் கேட்கப் போன வீட்டில் கதவைச் சாத்தியதுபோல் அவன் காது இரண்டும் தொங்கிப்போயின. திரும்பத் திரும்பப் போட்டார்கள். பசங்களைவிட நாய்கள் சீக்கிரம் புரிந்துகொள்ளும். கேட்டால் இல்லை, பேசாமல் படுத்தால், சத்தமெல்லாம் ஓய்ந்து வெகு நேரம் கழித்து ஏதோ கிடைக்கும். இரண்டொரு நாளில் மூட்டை சைரன் கேட்டதும் தலையை முன்னங்கால்களின்மேல் வைத்துப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

"ஜெயிச்சுட்டான் அண்ணா!" என்று டீச்சர் கைதட்டிக்கொண்டே சத்தத்தை நிறுத்தினாள். "அண்ணா?"

ஏணி நாற்காலியில் கல்லாக இருந்தார். டீச்சர் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். வெகு நேரம் கழித்து அவர் கண் இமைத்தது.

"அன்னைக்குத் தெருவுல அவன் கேட்டான்" என்றார். "கை பைக்குப் போச்சு டீச்சர். சைரன் அடிச்சு என் கை தானா அசைஞ்சது, வேலையை விட்ட பிறகு அன்னைக்குத்தான். இப்ப அவன் கேக்கலை. கை போகலை."

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இரக்கப்பட்டுக் கெடுத்ததுதான் உங்களுக்கு மருந்தா? அதையும் நானே பிடுங்கிட்டேனா?" என்றாள். பிறகு, "விட்டுடலாம் அண்ணா. பழையபடி கேக்கட்டும். கறார் அம்மா கால்ல விழறேன்" என்றாள்.

ஏணி குனிந்து கைகொடுத்து அவளை எழுப்பினார். "வேண்டாம். ரூல் ஒண்ணு இருந்தா அது எங்கயோ யாரோ அடிபட்டதுனாலதான் வந்திருக்கும். நாங்க அப்படித்தான் பழகினோம். அவன் கேக்க வேண்டாம். நான் கேக்காமயே குடுத்துப் பாக்கறேன்."

சொல்வது சுலபம். ஒலிபெருக்கி அலறியபோதெல்லாம் கையைப் பைக்கு அனுப்பப் பார்த்தார். கை போகவில்லை. பையை வலப்பக்கம் மாட்டிப் பார்த்தார், இடப்பக்கம் மாட்டிப் பார்த்தார். பயத்தை எதிர்த்துக் கையை ஏவினால், கை பயத்தின் சொல்லைத்தான் கேட்டது. தேர்வுக்கு முந்தைய நாள்வரை ஒரு தடவைகூட முடியவில்லை.

"நாய் தேறிடும் அண்ணா" என்றாள் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா உங்களுக்கு..."

"அவன் தேறட்டும். மத்ததை ஆண்டவன் பாத்துக்குவான்" என்றார் ஏணி. சொன்னாரே தவிர, மறுநாள் தேர்வன்று காலை வேண்டுதலில் அவருக்கு வார்த்தையே கிடைக்கவில்லை. வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றுவிட்டுக் கிளம்பினார்.

கறார் அம்மா வெள்ளை வெளேரென்ற தலையும் பளபளக்கும் காலணியுமாக வந்தார். பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகப் பூங்காவரை நடக்க வேண்டும். அவர் பின்னால் வருவார். பேசமாட்டார். டீச்சர் பூங்கா வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

மூட்டை அன்றைக்குப் புதுமாப்பிள்ளைபோல நடந்தான். நெரிசலில் ஏணியின் காலோடு ஒட்டிக்கொண்டான். ஒரு பையன் கையிலிருந்த ரொட்டி தவறி அவன் மூக்குக்கு நேரே விழுந்தது. மூட்டை வானத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டு கடந்தான். கறார் அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்ததென்று ஏணிக்குத் தோன்றியது.

பாதித் தெரு வந்திருப்பார்கள். அப்போதுதான் அது வந்தது. இந்த முறை ஆம்புலன்ஸ் அல்ல, தீயணைப்பு வண்டி. அந்தக் கனத்த ஒலிப்பானை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். சிவப்பு வண்டி வளைவில் திரும்பியது. பின்னிருக்கையில் தலைக்கவசத்தின் பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏணி நின்றுவிட்டார்.

பாடம் படித்தபடி மூட்டை அவர் காலடியில் படுத்தான். தலையை முன்னங்கால்களின்மேல் வைத்தான். பையைப் பார்க்கவில்லை, முனகவில்லை, கேட்கவில்லை. கல்லாய் நின்றவரின் கண் மட்டும் கீழே அவன்மேல் இருந்தது. அந்தக் கண் ஒன்றைப் பார்த்தது. மூட்டையின் உடம்பு முழுதும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. வாயோரத்திலிருந்து ஒரு நூல் எச்சில் இறங்கி நடைபாதையில் சொட்டியது. வாலின் நுனி ஒருமுறை எழும்பி, தப்பு செய்தவன்போல் உடனே தாழ்ந்தது. குட்டியிலிருந்து இந்தச் சத்தத்துக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டு, காரணமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். இவன் சண்டை போடவில்லை. கோபிக்கவில்லை. அத்தனை ஆசையையும் அடக்கிக்கொண்டு, சொன்ன சொல்லுக்காகப் படுத்திருக்கிறான்.

'ஐயோ, பாவம்டா நீ' என்று நினைத்தார் ஏணி.

அப்படி நினைத்து முடிப்பதற்குள் அவர் விரல் நுனியில் கோழித் துண்டு இருந்தது. கை எப்போது பைக்குள் போனதென்று அவருக்கே தெரியாது. பழைய நாட்களில் பட்டியும் கவசமும் தானாக வந்ததுபோல் அது வந்திருந்தது. குனிந்தார். மூட்டை வாங்கிக்கொள்ளாமல் முதலில் அவர் முகத்தைப் பார்த்தான். "சாப்பிடுடா. கேக்காத பிள்ளைக்குத்தான்டா முதல்ல குடுக்கணும்" என்றார். சொன்ன பிறகுதான், சைரனுக்கு நடுவில் தன் குரலைத் தானே கேட்கிறோம் என்று உணர்ந்தார். வண்டி அவரைக் கடந்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். 'எத்தனை பேரோட போறாங்களோ அத்தனை பேரோட திரும்பி வரணும்' என்று காலையில் வராத வார்த்தை இப்போது வந்தது.

பூங்கா வாசலில் கறார் அம்மா அவரை நிறுத்தினார்.

"நாய் கேக்கலை. ஏன் குடுத்தீங்க?"

டீச்சரின் முகம் வெளுத்தது. ஏணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அவன் கேக்காம படுத்திருந்ததைப் பார்க்கத் தாங்கலை மேடம். ரூலுக்கு விரோதம்னா தப்பு என்னோடது. அவனைத் தேற வெச்சுடுங்க."

"சைரன் வந்ததும் நீங்க நின்ன நிலையைப் பார்த்தேன். அந்த மாதிரி நின்னவங்களை எங்க வார்டுல நிறைய பார்த்திருக்கேன். பத்துப் பேர் உலுக்கினாலும் அசைய மாட்டாங்க. நீங்க எப்படி அசைஞ்சீங்க?"

"தெரியலை மேடம். என்னைப் பத்தி நினைக்க மறந்துட்டேன் போல."

கறார் அம்மா கண்ணாடியைக் கழற்றி, அவசியமில்லாமல் துடைத்தார். "கேக்கறது நாய்க்குத் தப்பு. குடுக்கறது மனுஷனுக்குத் தப்புன்னு எங்க புத்தகத்துல எங்கயும் இல்லை" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நாய் பாஸ். அழாதே. அவனை இன்னும் கொஞ்சம் இளைக்க வை, மூட்டைன்னு பேர் வெச்சதுக்காக மூட்டையாவே விடணுமா?" என்று அதட்டினார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே மூட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீலச் சட்டை போட்டிருக்கும்போது அப்படிச் செய்யக்கூடாது. கறார் அம்மா வேறு பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

அன்று ஏணி பேருந்தில் தனியாக வீட்டுக்கு வந்தார். தனியாக என்றால் மூட்டையோடு. மனைவி வாசலில் நின்றிருந்தாள். எத்தனை நேரமாக என்று அவர் கேட்கவில்லை. தேறிவிட்டான், கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டுமாம் என்று சொன்னதும், "உங்களுக்கும் சேர்த்துத்தானே மார்க் போட்டாங்க?" என்று சிரித்தபடி தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

அப்போது பெரிய தெருவில் ஏதோ ஒரு வண்டி சைரனோடு போயிற்று. ஏணி மூட்டையின் பக்கம் குனிந்தார். கை பைக்குள் போகும்போது தற்செயலாக நிமிர்ந்தார். மனைவி அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. விரல்களெல்லாம் வெளுத்திருந்தன. இத்தனை வருஷமாக ஒவ்வொரு சைரனுக்கும் இவளும் இப்படித்தான் நின்றிருக்கிறாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நாள்தோறும் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டவர், பக்கத்தில் நின்றவளை எப்படிப் பார்க்காமல் போனார்?

அவர் இரண்டு துண்டு எடுத்தார். கதவு நிலையிலிருந்து அவள் கையை மெதுவாகப் பிரித்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.

"இந்தா, நீயும் குடு."

"அவன் கேக்கலையே."

"கேக்க மாட்டான். நாமதான் குடுக்கணும்."

அவள் குனிந்து கையை நீட்டினாள். மூட்டை அவர் கையிலிருந்ததை முடித்துவிட்டு, இரண்டு அடி நகர்ந்து, அவள் உள்ளங்கையை நிதானமாக, கடைசித் தூள்வரைக்கும் நக்கினான். சைரன் எங்கோ தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. அவள் கூச்சத்தில் தோளைக் குலுக்கினாள்.

"நல்லாயிருக்கே நியாயம்! ஒரு சத்தத்துக்கு ரெண்டு பேர்கிட்டயும் வாங்கறானே. இப்படிப் போனா இவனை இளைக்க வெச்ச மாதிரிதான்" என்றாள். நக்கி முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.